ஆணுக்கு மார்பு பெருத்தால்: கத்திக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்

முதல் தவறு பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது ஆண் குழந்தையின் மார்பு புடைத்திருப்பதைப் பார்த்து, "பால் கட்டியிருக்கு, பிதுக்கி விட்டாத்தான் சரியாகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அழுத்துவார்கள். தயவுசெய்து தடுங்கள். தாயின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கருப்பையில் இருக்கும்போதே குழந்தைக்குள் போய்ச் சேர்வதால் வரும் வீக்கம் அது. ஆண், பெண் இரண்டுக்கும் வரும், தொடாமல் விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றும். பிதுக்கினால் கிருமி புகுந்து சீழ் கட்டலாம்; பச்சைக் குழந்தையைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டிவரும். மார்பு சிவந்து சுட்டால், காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப்போங்கள்.

அடுத்தது பதின்வயது. பதிமூன்று, பதினான்கு வயதில் பையன்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் காம்புக்கு அடியில் சின்னக் கட்டி வந்து, சட்டை உரசினாலே வலிக்கும். கைனகோமாஸ்டியா என்பது இதுதான்: ஈஸ்ட்ரோஜனுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள சமநிலை தவறி, பால் சுரப்பித் திசு வளர்வது. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் கரைந்துவிடும். அதற்குள் வீட்டில் "பிராய்லர் கோழி தின்னதால வந்தது" என்று திட்டு விழும். பிராய்லர் சீக்கிரம் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசியால் அல்ல. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பர்களெல்லாம் சட்டையைக் கழற்றிப்போட்டுக் குதிக்கும்போது கரையிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் உணவைக் குறைசொல்வதை விட, "இது நிறையப் பேருக்கு வரும், போயிடும்" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். விரைகள் மிகச் சிறியதாக இருந்தாலோ, பருவ வளர்ச்சி தொடங்கும் முன்பே மார்பு பெருத்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். க்ளைன்ஃபெல்டர் போன்ற குரோமோசோம் கோளாறாகவும் இருக்கலாம்.

கொழுப்பா, சுரப்பியா என்று பார்க்காமலே ஜிம்மில் சேர்வது இன்னொரு தவறு. மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து மெல்லக் காம்பை நோக்கி நெருக்குங்கள். காம்புக்கு நேர் அடியில் ரப்பர் போலக் கெட்டியான வட்டு தட்டுப்பட்டால் அது சுரப்பி. காம்பு வரை தடையே இல்லாமல் விரல்கள் சேர்ந்தால் கொழுப்பு. கொழுப்பு எடை குறைந்தால் குறையும். சுரப்பியை எத்தனை புஷ்-அப் எடுத்தாலும் கரைக்க முடியாது. அதே ஜிம்மில் தசை ஏற்றுவதற்கு யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். ஜிம் பையன்கள் "கைனோ" என்று சொல்லிக் கவலைப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது நடுவயதுக்காரர்கள் செய்யும் தவறு. மார்பு பெருத்தது தெரிந்தும் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நம் பகுதியில் குடி எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. குடியால் கல்லீரல் சுருங்கும்போது ஹார்மோன் சமநிலை குலைந்து மார்பு வளரும். வயிற்றில் நீர் கோத்தபின் கொடுக்கும் நீர் மாத்திரைகளில் ஸ்பைரனோலாக்டோன் இருந்தால், அதுவும் தன் பங்குக்கு மார்பைப் பெருக்கும். ஆல்டாக்டோன், லாசிலாக்டோன் என்று அட்டையில் பார்த்திருப்பீர்கள். முடி கொட்டுவதற்குப் போடும் ஃபினாஸ்டரைடு, மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்றவற்றாலும் வரலாம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்துவது மார்பு பெருப்பதைவிட ஆபத்து. எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள், பல நேரம் மாற்று மருந்து இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். புதுச்சேரி ஜிப்மரில் எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் நோய்கள்) பிரிவு இருக்கிறது. கடலூர்க்காரர்கள் முதலில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் காட்டிவிட்டும் போகலாம். டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில்தான் அதிகமாக இருக்கும் என்பதால் ரத்தம் காலையிலேயே கொடுங்கள். டாக்டர் விரைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்றால் கூச்சப்பட்டு மறுக்காதீர்கள்; விரையில் வளரும் கட்டி முதலில் மார்பில் தெரிவதும் உண்டு.

ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வராது என்று நினைப்பது உயிரையே கேட்கும் தவறு. மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண். ஒரு பக்கம் மட்டும், காம்புக்கு நேர் அடியில் இல்லாமல் ஓரமாக, கல் போன்ற வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுப்பது, ரத்தக் கசிவு, தோலில் குழி அல்லது புண், அக்குளில் நெறி கட்டுவது. இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, தள்ளிப்போடுவதிலும் தவறு உண்டு, அவசரப்படுவதிலும் உண்டு. புதிதாக வந்து வலிக்கும் கட்டத்தில் டமாக்சிஃபென் போன்ற மருந்து டாக்டர் மேற்பார்வையில் பலன் தரலாம். ஒரு வருடம் தாண்டினால் திசு நாராக இறுகிவிடும், மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. வளரும் பையனுக்கோ, பருவம் முடியும் முன் கத்தி வைத்தால் மறுபடி வளர வாய்ப்புண்டு. 'ஒரே நாளில் வீடு திரும்பலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். காரணம் என்னவென்று சோதித்தீர்களா? கொழுப்பை மட்டும் உறிஞ்சுகிறீர்களா, சுரப்பியையும் எடுக்கிறீர்களா? சுரப்பியை விட்டுவிட்டால் மேடு அப்படியே நிற்கும். எடுத்த திசுவைப் பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறுவைக்குப்பின் சில வாரங்கள் இறுக்கமான பனியன் போட வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு ஊசிக்குத் திரும்பினால் மிச்சமிருக்கும் திசு மீண்டும் வளரும்.