பழைய மோட்டார்ஹோம்: வாங்கும்போது, பழுது பார்க்கும்போது, ஓட்டும்போது

மோட்டார்ஹோம் என்றால் கட்டில், சமையல் வசதியோடு வேன் மேலேயே கட்டிய வீடு. பழைய மோட்டார்ஹோம் வாங்கப் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். இத்தனை வருஷத்தில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறதா என்று மனசு குளிர்ந்துவிடும். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். இந்த வண்டிகள் ஓடிக் கெட்டுப்போவதைவிட நின்று கெட்டுப்போவதுதான் அதிகம். டயர், பெல்ட், ரப்பர் ஹோஸ், கூரை இணைப்புகளில் தண்ணீர் புகாமல் பூசிய சீலன்ட் எல்லாமே வருஷக் கணக்கில் வயசாகிறவை. பத்து வருஷம் ஷெட்டில் நின்ற வண்டியைவிட, வருஷா வருஷம் ஓடி, உரிய நேரத்தில் வேலை பார்க்கப்பட்ட வண்டியை நான் தைரியமாக வாங்குவேன்.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும். ஓதம் அடித்த வாசனையை எந்த ரூம் ஸ்பிரேயாலும் முழுசாக மறைக்க முடியாது. புதுசாக வாசனைத் திரவியம் அடித்திருந்தால் அதுவே ஒரு தகவல். அப்புறம் மேல் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கூரையும் சுவரும் சேரும் மூலையில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே, காற்றுக்காகக் கூரையில் வைத்திருக்கும் திறப்பான வென்ட்டைச் சுற்றி, கட்டிலுக்கு அடியில், கதவு நிலையின் அடிமூலையில் என எல்லா இடத்திலும் அழுத்துங்கள். நல்ல பிளைவுட் விறைப்பாக நிற்கும், ஊறினது விரலுக்கு அமுங்கும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நிச்சயம். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. 30-ஐத் தாண்டினால் உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் புது வால்பேப்பர் ஒட்டியிருந்தால் அங்கே இரண்டு தடவை அழுத்துங்கள். வெளியே வந்து, சுவரோடு சுவராகக் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஃபைபர் உரிந்து உப்பியிருக்கும் இடம் தெளிவாகத் தெரியும்.

ஒழுகலைச் சரிசெய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அவசரப்பட்டு வண்டியைக் கெடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் சொட்டும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையின் முன்பக்கம் விளக்கு ஒயர் நுழையும் ஓட்டை வழியாக இறங்கி, சட்டத்தின் மேலேயே ஓடி, நடு ஜன்னலுக்குக் கீழே வந்து தலைகாட்டும். அதனால் கறை இருக்கும் இடத்திலிருந்து மேட்டுப் பக்கமாக ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இடம் தெரிந்ததும் சிலிகானை எடுத்து மேலே பூசிவிடாதீர்கள். சிலிகான் ஒரு தடவை பட்ட இடத்தில் அதற்கப்புறம் வேறு எந்த சீலன்டும் சரியாகப் பிடிக்காது. முன்னால் வைத்திருந்தவர் சிலிகான் பூசிய ஒரு வென்ட்டைச் சுத்தம் செய்ய எனக்கு அந்த வென்ட்டை மாற்றுவதைவிட அதிக நேரம் பிடித்தது.

முறை இதுதான். வென்ட் அல்லது ஜன்னலின் திருகாணிகளைக் கழற்றி, சட்டத்தை முழுசாக வெளியே எடுங்கள். பழைய பசையை ஹேர் டிரையரால் இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டுங்கள். இரும்புச் சுரண்டி பெயின்டைக் கிழித்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உள்ளே தெரியும் மரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், வாரக்கணக்கில் ஆனாலும் சரி. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் வெளியே அழகாகவும் உள்ளே பூஞ்சையாகவும் இருக்கும். உளுத்த பகுதியை நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கட்டை வையுங்கள். பிறகு சட்டத்தின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப்பை (பிசின் போல மெத்தென்று ஒட்டும் ரப்பர் பட்டை) இடைவெளி இல்லாமல் ஒட்டி, எதிரெதிர் திருகாணிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். நான்கு பக்கமும் டேப் ஒரே மாதிரி பிதுங்கி வர வேண்டும். அன்றைக்கே முழு பலத்தையும் காட்டாதீர்கள். மறுநாள் டேப் இன்னும் தளர்ந்திருக்கும், அப்போது ஒரு சுற்று முடுக்கிவிட்டுப் பிதுங்கினதை வெட்டுங்கள். கூரையில் இருக்கும் விளிம்புகளுக்கும் திருகாணித் தலைகளுக்கும் மேலே, தானாகப் பரவி மட்டமாகும் சீலன்டை ஊற்றுங்கள்; அதே சீலன்டைச் சுவரில் போட்டால் வழிந்துவிடும், சுவருக்கு வழியாத வகை தனியாக இருக்கிறது. கூரை ரப்பர் ஷீட்டாக இருந்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய் வகையறா எதையும் அதில் படவிடாதீர்கள். ரப்பர் உப்பிப்போகும்.

வாங்கியாயிற்று என்றால் அடுத்து வேலைகளின் வரிசை. மெத்தை உறையும் திரைச்சீலையும் மாற்ற ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி நிற்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது, ஒழுகக் கூடாது. இந்த மூன்றும் முடியாமல் நான் வேறு எதற்கும் பணம் எடுப்பதில்லை.

நிற்பதற்கு டயரும் பிரேக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் ஒரு மீட்டர்கூட ஓட்ட வேண்டாம். மோட்டார்ஹோம் டயரில் பட்டன் தேயாமல் புதுசு போலவே இருக்கும். உள்ளே ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். ஏழு வருஷம் ஆனால் நான் மாற்றிவிடுவேன். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்பக்க டயரையும், ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பே 155 தான். நீண்ட மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் காலோடு தரைவரை போய்விடும். எனவே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் பாருங்கள். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடேறினால் இதையும் சந்தேகப்படுங்கள்.

தீக்கு இரண்டு வாசல்கள். ஒன்று எரிபொருள் ஹோஸ். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும், விரலால் வளைத்தால் மேலே விரிசல் தெரியும். டேங்கிலிருந்து இன்ஜின்வரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் நல்லது. பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் எஸ்ஏஇ ஜே30ஆர்9 (SAE J30R9) என்று அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று சமையல் கேஸ். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். குளிர்க்காற்று வருகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள். கேஸ் அலாரம் தரையோரத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்பது வேறு, அதுவும் கட்டாயம் வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி நானே குமிழி பார்ப்பேன். ஆனால் குழாயை அறுப்பது, ரெகுலேட்டர் மாற்றுவது, அழுத்தம் சோதிப்பது எல்லாம் அதற்குத் தகுதி பெற்றவர் வேலை.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் எனக்கு மிகப் பிடித்த சாதனம். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், சூட்டைக் கொடுத்து அம்மோனியாவைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது. 1922-இல் ஸ்வீடனில் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கியது. உள்ளே திரவம் தானாக வழிந்து திரும்ப வேண்டும் என்பதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை ஃபிரிட்ஜின் உள்தட்டில் வைத்துப் பாருங்கள், சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுங்கள். சாய்ந்த நிலையில் நாள்கணக்கில் ஓடவிட்டால் குளிரூட்டும் பகுதியே பாழாகிவிடும். பின்பக்கம் மஞ்சள் தூளோ அம்மோனியா நெடியோ இருந்தால் உடனே அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்த ஃபிரிட்ஜின் ஆயுசு முடிந்தது.

மின்சாரத்தில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த்தில்தான், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பில்தான் என்பது என் அனுபவம். இண்டிகேட்டர் போட்டதும் பின் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் பல்பை மாற்றிப் பயனில்லை. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை அந்த விளக்கின் எர்த்திலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் நடுவில் எங்கோ துரு. கழற்றி, பளபளப்பாகத் தேய்த்து, மறுபடி முடுக்குங்கள். லெட் ஆசிட் பேட்டரி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பின் 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2 அளவில் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறவர்கள், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டரில் நேரடியாகக் கொடுக்காமல் நடுவே மின்னோட்டத்தை அளவாக விடும் ஒரு டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். இல்லாவிட்டால் அது இழுக்கும் இழுப்பில் ஆல்டர்னேட்டர் வெந்துவிடும்.

இன்ஜின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல மெக்கானிக்குக்குத் தெரிந்த வேன் இன்ஜின்தான். டைமிங் பெல்ட் எந்த வருஷம் மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகம் தேடும்போது, மேலே வீட்டுப் பகுதியைக் கட்டிய கம்பெனியின் பெயரை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் வேனின் சேஸிஸ் எந்தக் கம்பெனியுடையது என்று தேடுங்கள். 1981-இல் வந்த முதல் தலைமுறை ஃபியட் டுகாட்டோதான் பியூஜோ ஜே5, சித்ரோயன் சி25, டால்பட் எக்ஸ்பிரஸ் என்ற பெயர்களிலும் விற்றது. ஒரு பெயரில் கிடைக்காத பாகம் இன்னொரு பெயரில் கிடைக்கும்.

ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை சாமான்கள், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றி எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை போடுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. டயரில் எவ்வளவு காற்று என்பதையும் அந்த எடையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூரை வென்ட்டோ ஏசியோ எது உயரமோ அதுவரை அளந்து, அந்த உயரத்தைப் பெரிய எழுத்தில் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று நடந்து பாருங்கள்: படி மடித்தாயிற்றா, வென்ட் மூடியாயிற்றா, கேஸ் வால்வு அடைத்தாயிற்றா, மின் ஒயரைப் பிடுங்கியாயிற்றா. திருப்பத்தில் கவனிக்க வேண்டியது வால். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, நீங்கள் வலது திரும்பினால் இடது பக்கம் வீசும். காலி மைதானத்தில் யாரையாவது வெளியே நிற்கவைத்து எவ்வளவு வீசுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே போகாமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். நடுவில் ஆறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பெரிய லாரி முந்தும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, சின்னச் சின்னத் திருத்தமாகச் செய்யுங்கள். பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும் காலத்தில் மாசம் ஒரு தடவை ஐந்து நிமிஷம் இன்ஜினைப் போட்டு அணைப்பது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். இன்ஜின் முழுசாகச் சூடேறாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் தங்கிவிடும். அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள், முடியாதென்றால் தொடவே வேண்டாம். உறைபனி விழும் ஊராக இருந்தால் டேங்க், பம்ப், ஹீட்டர் மூன்றிலும் தண்ணீரை வடித்து, குழாய்களைத் திறந்தபடியே விடுங்கள். ஃபிரிட்ஜ் கதவு சாத்திக்கொள்ளாமல் நடுவே ஒரு துணியை மடித்து வையுங்கள்.