பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் பாம்பு மாதிரி ஒன்றைக் கண்டால்

தோட்டம் உள்ள வீட்டுக்குக் குடிவந்து, வெயில் வந்ததும் மூலையில் கிடக்கிற பழைய பலகையையோ கம்போஸ்ட் பெட்டியின் மூடியையோ தூக்கினால், அடியில் பளபளவென்று ஒன்று நெளியும். நம் ஆட்களுக்குக் கை தானாக மண்வெட்டிக்குப் போகும். தயவுசெய்து அதைக் கீழே வையுங்கள். நாகமும் கட்டுவிரியனும் திரிகிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் இங்கே தோட்டத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் விஷமே இல்லாத ஒன்று, பல நேரம் அது பாம்பு கூட இல்லை. அப்புறம், இங்குள்ள பாம்புகளையும் கால் இல்லாத பல்லியையும் கொல்வதோ காயப்படுத்துவதோ 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அபராதம் மட்டுமல்ல, சிறைக்கும் போகலாம்.

முதலில் அந்தக் கால் இல்லாத பல்லி. ஸ்லோ வர்ம் என்பார்கள். தோட்டங்களில் அதிகம் அகப்படுவது இதுதான். நீளம் பெரும்பாலும் 40 சென்டிமீட்டருக்குள், சில 50 வரை போகும். உடம்பு அரணை மாதிரி வழுவழுவென்று, எண்ணெய் தடவினாற்போல் மின்னும். ஆண் சாம்பல் கலந்த பழுப்பு, பெண்ணுக்குப் பக்கவாட்டில் கரும்பட்டை, பெரும்பாலும் முதுகு நடுவே ஒரு மெல்லிய கோடும் இருக்கும். குட்டிகள் பொன் நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ இருக்கும், பார்க்கவே அவ்வளவு அழகு. கழுத்து என்று தனியாகத் தெரியாது. சந்தேகம் தீரவில்லையா, சற்றுத் தள்ளி நின்று கண்ணைப் பாருங்கள்: இதற்கு இமை உண்டு, மூடித் திறக்கும். பாம்பால் அது முடியாது. பிடித்துத் தூக்க வேண்டாம், பல்லி போலவே வாலை உதறிவிட்டு ஓடிவிடும், மறுபடி முளைக்கும் வால் பழையபடி இருக்காது. செடிகளைத் தின்னும் நத்தை, ஓடில்லாத நத்தைதான் இதன் சாப்பாடு, ஆகவே காய்கறி போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடையாது.

அடுத்தது கிராஸ் ஸ்நேக். இது நிஜப் பாம்பு, நம் தண்ணீர்ப் பாம்புகளுக்கு உறவு. பச்சை கலந்த சாம்பல் உடம்பு, தலைக்குப் பின்னால் மஞ்சளும் கறுப்புமாக ஒரு கழுத்துப்பட்டை, வட்டமான கண்மணி. பெண் பாம்பு ஒரு மீட்டரையும் தாண்டி வளரும் என்பதால் திடீரென்று பார்த்தால் நெஞ்சு படபடக்கும்தான், ஆனாலும் இதற்கு மனிதரைப் பாதிக்கும் விஷம் இல்லை. தவளை தேடிக் குளமுள்ள தோட்டங்களுக்கு வரும், நன்றாக நீந்தும். பயந்தால் சீறும், நாற்றமடிக்கிற ஒன்றைப் பீச்சும், சில சமயம் வாயைப் பிளந்து மல்லாந்து செத்ததுபோல் கிடக்கும். செத்துவிட்டது என்று அள்ளிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அங்கிருந்து விலகினால் அதுவே எழுந்து போய்விடும்.

விஷமுள்ளது ஆடர் ஒன்றுதான். விரியன் இனம், குட்டையான தடித்த உடம்பு, முதுகு நெடுக வளைந்து வளைந்து போகும் கரும்பட்டை, சிவந்த கண், அதில் செங்குத்தான கண்மணி. முழுக்கக் கறுப்பாகவும் அரிதாக உண்டு. புதர்க்காடு, மேட்டுப் புல்வெளி, காட்டோரம்தான் இதன் இடம், அவற்றை ஒட்டிய வீடு என்றால் மட்டும் தோட்டத்துக்கு வரக்கூடும். கடித்து உயிர் போவது மிக மிக அரிது, கடைசியாகப் பதிவானது 1975இல். அதற்காக அலட்சியம் கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல், மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் அவசர உதவி எண் 999ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம்.

ஸ்மூத் ஸ்நேக் என்று இன்னொன்றும் உண்டு, டோர்செட், ஹாம்ப்ஷயர், சர்ரே பக்கத்து மணற்பாங்கான புதர்வெளிகளில்தான் முக்கியமாக. தோட்டத்தில் பார்ப்பது அபூர்வம். அயர்லாந்துத் தீவில் குடியேறியவர்களுக்குக் காட்டுப் பாம்புக் கவலையே இல்லை.

ஆரஞ்சு, பளீர் வெள்ளை என்று இந்த அடையாளங்கள் எதிலும் சேராத நிறத்தில் ஒன்று கிடந்தால், யாரோ வளர்த்துத் தப்பிய பாம்பாக இருக்கலாம். குழந்தைகளை விலக்கி, தூரத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலங்குகளைக் காக்கும் தொண்டு அமைப்பான ஆர்எஸ்பிசிஏவைக் கூப்பிடுங்கள்.

தோட்ட வேலையில் கவனம் வேண்டிய இடம் கம்போஸ்ட் குவியல். அந்தச் சூட்டுக்காக ஜூன், ஜூலையில் கிராஸ் ஸ்நேக் அதில் முட்டையிடும், கோடை முடிவில் பொரியும், குளிர்காலத்தில் உள்ளேயே உறங்குவதும் உண்டு. அதனால் கிளறுவதை ஏப்ரலிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கூர்மையான தோட்ட முள்கரண்டியை ஓங்கிக் குத்தாமல் மெதுவாக. உயர்ந்த புல்லை வெட்டுமுன் ஒரு முறை நடந்து போய்க் கலைத்துவிடுங்கள். குளத்துக்கும் பழச்செடிக்கும் போடுகிற மெல்லிய நைலான் வலையில் பாம்பு சிக்கி இறந்துபோகும், வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி ஷெட்டுக்குள் வையுங்கள்.