தோட்டக் கந்தோருக்கு ஒரு வேர்ச்சுவலைசேஷன் திட்டம்: முதன்முறை வரைபவருக்கு

ஒரே கணனிக்குள் பல கணனிகளை மென்பொருளால் ஓடவிடுவதுதான் வேர்ச்சுவலைசேஷன். அதற்கான மைக்ரோசொஃப்ட்டின் ஹைப்பர்-வியை நிறுவி அதில் இரண்டு வி.எம். (வேர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருள் கணனி) ஓடவிட ஒரு மாலைப்பொழுது போதும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஐ.டி. வேலை பார்க்கும் பலருக்கும் இது கைவந்த வேலைதான். ஆனால் "எத்தனை சேர்வர் வாங்கவேண்டும், எவ்வளவு ரேம், ஏன் அவ்வளவு?" என்று மனேஜர் கேட்டால், பதில் பெரும்பாலும் விற்பனையாளர் தரும் கொட்டேஷனில் இருந்துதான் வருகிறது. அந்தப் பதிலை நீங்களே கணக்குப் போட்டு எழுதுவதற்குத்தான் இந்த விளக்கம்.

பயிற்சிக்கு ஒரு கந்தோரைக் கற்பனை செய்துகொள்வோம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பழைய சேர்வர்கள் மூன்று: ஒன்றில் செக்ரோலும் (தொழிலாளர் வேலைநாள் பதிவேடு) சம்பளமும், ஒன்றில் பைல்கள், மூன்றாவது டொமைன் கன்ட்ரோலர் (எல்லோருடைய லொகினையும் சரிபார்ப்பது). பாவனையாளர்கள் 20 பேர். அவர்களுடைய கணனிகள் விண்டோஸ் 10இல் ஓடுகின்றன. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே சேர்வரோடு டெஸ்க்டொப்பையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

முதலில் ஒரு பரிசோதனைக் கூடம்

16 ஜிபி ரேம் உள்ள லெப்டொப் ஒன்று போதும். விண்டோஸ் 11 புரோவில் ஹைப்பர்-வி உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வுக்குக் கீழே வேர்ச்சுவலைசேஷன் 'எனேபிள்ட்' என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் பயோஸுக்குள் போய் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏ.எம்.டி.-வியை இயக்குங்கள். விண்டோஸ் சேர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் ஓடும். கீழே சொல்வதில் பெரும்பாலானவற்றை அதில் சிறிய அளவில் செய்து பார்க்கலாம்.

அப்புறம் அளவெடுங்கள்

திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பழைய சேர்வரின் பெட்டியில் 32 ஜிபி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வி.எம்.முக்கும் 32 ஜிபி கொடுப்பது அளவெடுப்பது ஆகாது. பெர்ஃபோமன்ஸ் மொனிட்டரில் ஒரு டேட்டா கலெக்டர் செட் உருவாக்கி நான்கு விடயங்களைப் பதியவிடுங்கள்: சி.பி.யு. பாவனை, மிஞ்சியிருக்கும் ரேம், ஒரு வினாடிக்கு டிஸ்க் செய்யும் வாசிப்பு எழுத்துகள் (இவற்றைக் கீழே 'செயல்கள்' என்கிறேன்), ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரம்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். மாத நடுவில் அளந்தால் எல்லாமே சும்மா இருப்பதுபோலத் தெரியும். செக்ரோல் மூடப்படும் மாதக் கடைசியில் தொடங்கி, சம்பள நாளான 10ஆம் திகதி தாண்டும்வரை பதிவு ஓடட்டும். உச்சச்சுமை அந்த நாட்களில்தான் வரும். திட்டம் அந்தச் சுமையைத் தாங்கவேண்டும்.

நம் கற்பனைக் கந்தோரில் உச்சத்தில் கிடைத்த அளவுகளை இப்படி வைத்துக்கொள்வோம். சம்பளச் சேர்வர் 14 ஜிபி ரேம், வினாடிக்கு 450 டிஸ்க் செயல்கள். பைல் சேர்வர் 6 ஜிபி, 120 செயல்கள். டொமைன் கன்ட்ரோலர் 3 ஜிபி, 30 செயல்கள். மொத்தம் 600 டிஸ்க் செயல்கள், அதில் பாதி வாசிப்பு, பாதி எழுத்து.

டிஸ்க் கணக்கு

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சி.பி.யு. பெரும்பாலான கந்தோர்களில் சும்மாதான் கிடக்கும். ரேம் போதாவிட்டால் இன்னொன்று வாங்கிச் செருகலாம். டிஸ்க்கைத் தவறாக எடுத்தால்தான் முழுக் கந்தோரும் திட்டும். லயத்தில் ஆளுக்கொரு காம்பரா இருக்கலாம், ஆனால் விடியற்காலையில் எல்லோரும் குடத்தோடு போய் நிற்பது ஒரே பீலியில். வி.எம்.களுக்கு டிஸ்க் அப்படித்தான். காலை எட்டு மணிக்கு 20 பேரும் ஒன்றாக லொகின் செய்யும்போது அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

நிமிடத்துக்கு 7,200 சுழற்சி ஹாட் டிஸ்க் ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 80 செயல்கள் தரும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காப்பது ரெய்ட். ரெய்ட் 10இல் ஒரு எழுத்து டிஸ்க்கில் இரண்டு செயலாகும், ரெய்ட் 5இல் நான்காகும். ஆகவே 300 வாசிப்பும் 300 எழுத்தும் ரெய்ட் 10இல் 300 கூட்டல் 600, அதாவது 900. ரெய்ட் 5இல் 300 கூட்டல் 1,200, அதாவது 1,500. முதலாவதற்கு 12 டிஸ்க் வேண்டும், இரண்டாவதற்கு 19. இதைத் தாளில் எழுதிக் காட்டினால், "எஸ்.எஸ்.டி. விலை கூட" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். சேர்வருக்கென்று செய்யப்பட்ட நான்கு எஸ்.எஸ்.டி.களை ரெய்ட் 10இல் போட்டால் இந்தச் சுமை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டுப் பாவனைக்கான மலிவு எஸ்.எஸ்.டி.யை மட்டும் வாங்கிவிடாதீர்கள். தொடர்ந்து எழுத எழுத அது களைத்துப்போகும், கரண்ட் திடீரென்று போனால் எழுதிக்கொண்டிருந்ததை இழக்கவும் கூடும்.

டெஸ்க்டொப்பை என்ன செய்வது

இரண்டு வழிகள். ஆளுக்கொரு வேர்ச்சுவல் டெஸ்க்டொப் கொடுக்கலாம், இதுதான் வி.டி.ஐ. அல்லது ஒரே விண்டோஸ் சேர்வரில் எல்லோரும் தனித்தனி அமர்வாக நுழையலாம், அதற்குப் பெயர் செஷன் ஹோஸ்ட். கணக்கெழுதுவது, கொழுந்து நிறை பதிவது, கடிதம் அடிப்பது போன்ற வேலைகளுக்கு வி.டி.ஐ. தேவையில்லாத செலவு என்பது என் கருத்து. ஆளுக்கு 2 ஜிபி என்று 20 பேருக்கு 40 ஜிபி, சேர்வருக்கென்று 4 ஜிபி, ஆக 44 ஜிபியில் செஷன் ஹோஸ்ட் முடிந்துவிடும். தனக்கென்று விசேட மென்பொருள் நிறுவவேண்டிய ஒருவர் இருவர் இருந்தால் அவர்களுக்குச் சாதாரணக் கணனியே இருக்கட்டும். செஷன் ஹோஸ்டுக்கு எதிர்முனையில் தின் கிளையன்டோ (திரையையும் கீபோர்டையும் சேர்வரோடு இணைக்கும் சிறு பெட்டி) லினக்ஸ் போட்ட பழைய கணனியோ போதும்.

டிவிஷன் கந்தோர்கள் 4ஜியில் இணைவதாக இருந்தால் முதலில் அங்கே போய் நின்று பிங் செய்து பாருங்கள், மழை நாளிலும் ஒரு தடவை. தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் தட்டும் எழுத்து பிந்தி வரத் தொடங்கும். கொழுந்து நிறுவை மட்டும் லைன் இல்லாவிட்டாலும் அங்கேயே பதிந்து, பிறகு அனுப்பக்கூடியதாக இருக்கவேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்பவர்களை இன்டர்நெட்டுக்காகக் காக்கவைக்க முடியாது.

ஹோஸ்டின் அளவு

எத்தனை மணிநேரம் நின்றால் பரவாயில்லை, எவ்வளவு தரவு போனால் தாங்கும் என்ற இரண்டையும் மனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். 'ஒரு மணிநேரம், சில நிமிடத் தரவு' என்றால் விலைகூடிய பொதுச் சேமிப்பகமும், பல சேர்வர்களை ஒன்றாகக் கோக்கும் கிளஸ்டரும் வேண்டாம். இரண்டு ஹோஸ்ட் (வி.எம்.களைத் தாங்கும் சேர்வர்) வைத்து ஹைப்பர்-வி ரெப்ளிகா போதும். அது 30 வினாடி, 5 நிமிடம் அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை மற்ற ஹோஸ்டுக்கு அனுப்பும். ஒன்று விழுந்தால் மற்றதில் நீங்களே கையால் எழுப்பவேண்டும். டொமைன் கன்ட்ரோலரை ரெப்ளிகா செய்யாமல் ஹோஸ்டுக்கு ஒன்றாக இரண்டு வையுங்கள்.

ஒரு ஹோஸ்ட் விழுந்த நாளைக் கணக்கெடுங்கள். அளந்த ரேமைச் சற்றுக் கூட்டிச் சம்பளம் 16 ஜிபி, பைல் 8, ஒரு டொமைன் கன்ட்ரோலர் 4, செஷன் ஹோஸ்ட் 44, அதற்குள் ஆட்களை வழிநடத்தும் புரோக்கரும் லைசன்ஸ் சேர்வரும் ஒரே வி.எம்.மில் சேர்ந்து 4. மொத்தம் 76 ஜிபி. ஹோஸ்டுக்கென்று 8 சேர்த்தால் 84. வளர்ச்சிக்கு 30 சதவீதம் வைத்தால் 109. ஆகவே ஹோஸ்ட் ஒன்றுக்கு 128 ஜிபி.

லைசன்ஸ்

பலர் இதைக் கடைசியில் பார்த்துத் தலையில் கைவைக்கிறார்கள். விண்டோஸ் சேர்வர் ஸ்டான்டர்ட் ஒரு தடவை முழுதாக வாங்கினால், அந்த ஹோஸ்டில் இரண்டு விண்டோஸ் வி.எம். ஓட்டலாம். குறைந்தது 16 சி.பி.யு. கோருக்கு வாங்கவேண்டும். நெருக்கடி நாளில் ஒரு ஹோஸ்டில் ஐந்து ஓடும் என்பதால் அதற்கு மூன்று தடவை, இரண்டு ஹோஸ்டுக்கும் ஆறு. இதற்கு மேல் பாவனையாளருக்கான சி.ஏ.எல். (சேர்வரைப் பாவிக்கும் உரிமம்), செஷன் ஹோஸ்டுக்கான ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். என இரண்டும் வேண்டும். ஹைப்பர்-வி போன்ற ஹைப்பர்வைசரை (வி.எம்.களை ஓட்டும் மென்பொருள்) மாற்றினாலும் விண்டோஸ் வி.எம்.களின் லைசன்ஸ் கணக்கு மாறாது. புரொக்ஸ்மொக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் இலவசம் என்று அதற்குப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நல்ல மென்பொருள்தான், லினக்ஸ் தெரிந்தவர் கந்தோரில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். இன்னொரு ஹைப்பர்வைசரைத் தரும் வி.எம்.வெயாரை 2023 நவம்பரில் புரோட்கொம் வாங்கியபின் நிரந்தர லைசன்ஸ் விற்பனை நின்று சந்தா முறை வந்துவிட்டது. சின்னக் கந்தோருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கரண்டும் இடியும்

நீர்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் இருந்தாலும் மரம் விழுந்தால் நமக்கும் கரண்ட் போகத்தான் செய்யும். யு.பி.எஸ். வாங்கினால் மட்டும் போதாது. பற்றரி குறைந்ததும் அது ஹோஸ்டுக்குச் செய்தி அனுப்பவேண்டும், வி.எம்.கள் ஒழுங்காக அணையவேண்டும். அணையும் வரிசை செஷன் ஹோஸ்ட், சம்பளம், பைல், கடைசியாக டொமைன் கன்ட்ரோலர். எழும்பும்போது அப்படியே தலைகீழ்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி அதிகம். கந்தோருக்கும் பெக்டரிக்கும் நடுவே செம்புக் கேபிள் ஓடினால் ஒரு மின்னல் இரண்டு பக்கமும் சுவிட்சை எரித்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான்.

பேக்கப் மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியூரில். செக்பொயின்ட்டும் (வி.எம்.மின் ஒரு கண நிலைப் பதிவு) ரெப்ளிகாவும் பேக்கப் அல்ல: பணம் பறிக்கும் ரான்சம்வெயார் பூட்டிய பைலை ரெப்ளிகா அப்படியே மறுபக்கமும் கொண்டுபோகும். வெளியூர்ப் பிரதி அதே மலைச்சரிவில் இருக்கக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் பாதைகளை அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கொழும்பிலோ கிளவுட்டிலோ வையுங்கள்.

ஒப்படைக்கும் முன் விழுத்திப் பாருங்கள்

மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, ஒரு பேக்கப்பில் இருந்து சம்பள வி.எம்.மை வேறு பெயரில், நெட்வேர்க்கில் இணைக்காமல் மீட்டெடுத்துப் போன மாதச் சம்பளப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அடுத்து யு.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றி, அணையும் வரிசை சரியா என்று கடிகாரத்தோடு நில்லுங்கள். கடைசியாக ஒரு ஹோஸ்டை நிறுத்திவிட்டு, கந்தோரில் வேறு ஒருவரிடம் நீங்கள் எழுதிய வழிமுறைத் தாளைக் கொடுத்து மற்ற ஹோஸ்டில் எழுப்பச் சொல்லுங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு தாளைத் திருத்தி, அதன் ஒரு பிரதியைச் சேர்வர் அறைச் சுவரிலும் இன்னொன்றை மனேஜரின் பைலிலும் வையுங்கள்.