லாரி டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டுவது எப்படி?

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நான் நம்புவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் அரை 'பார்' (பிரஷரின் அலகு) பக்கம் இறங்கினால்தான் அது எரியும், அதற்குள் பேரிங் அடி வாங்கிவிடும். முள் மீட்டர் இருந்தால் பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது முன்னாலேயே கண்ணில் படும்.

பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட், அவற்றுக்கு 24 வோல்ட் மீட்டர்தான். கார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் மீட்டரைப் போட்டால் கருகிவிடும். 52 மி.மீ. அளவு வாங்குங்கள், சென்சாரையும் அதே செட்டில் வாங்குங்கள். ஆயிலையே சின்னக் குழாயில் கேபினுக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் மீட்டரும் விற்கிறார்கள், விலை குறைவு, ஆனால் குழாய் பிய்ந்தால் கொதிக்கிற ஆயில் டிரைவர் காலில்தான் கொட்டும். எனக்கு அது வேண்டாம்.

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பலகைக்குப் பின்னால் ஒயர் கட்டு எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து ஹோல்சாவால் துளை போட்டு மீட்டரைப் பொருத்துங்கள். பிளஸ், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து, 3 ஆம்ப் பியூஸ் வழியாக. மைனஸ் பாடிக்கு. பல்பு ஒயர் பார்க் லைட்டுக்கு. மிச்சமிருக்கும் 'எஸ்' முனையிலிருந்து ஒரு ஒயர் சென்சாருக்கு. டெஸ்ட் லாம்ப் போதும் என்பார்கள், மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள், அடுத்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும்.

இனி சென்சார். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். எஞ்சினில் இருக்கும் பழைய ஆயில் விளக்கு சுவிட்சைக் கழற்றி, பித்தளை டீ ('T' வடிவ இணைப்பு) போட்டு அதையும் சென்சாரையும் மாட்ட வேண்டும். மரை பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வேறாக இருக்கும். கையால் இரண்டு மூன்று சுற்றாவது சுகமாக ஏறாவிட்டால் ஸ்பானரைத் தொடாதீர்கள். சரி, ஏறிவிட்டது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டெப்லான் டேப்பை வரிவரியாகச் சுற்றினால் எர்த் கெட்டுவிடும். பரவலாகக் கிடைக்கும் 10 பார் சென்சாரில் பிரஷர் இல்லாதபோது தடை 10 ஓம், முழு அளவில் 180 ஓம். அதாவது ஒரு பாருக்குச் சுமார் 17 ஓம். எர்த்தில் துருவோ டேப்போ அவ்வளவு தடை சேர்த்தாலே முள் ஒரு பார் கூடுதலாகக் காட்டும், நீங்களும் எஞ்சின் ஜோராக இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் டேப்புக்குப் பதில் மரைப் பசை கொஞ்சமாகத் தடவி, சென்சார் உடம்புக்கும் கழற்றி வைத்த பேட்டரி மைனஸ் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய சுழியம் வர வேண்டும்.

பேட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டு, சென்சார் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். இந்த வகையில் முள் கீழே விழும், எடுத்தால் உச்சிக்குப் போகும். மீட்டரும் ஒயரும் நல்லதாக இருக்கின்றன என்று அர்த்தம். ஒயரைத் திரும்ப மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, டீயைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்று ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: "12 வோல்ட் மீட்டர் சும்மா கிடக்கிறது, லாரியில் இருக்கும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?" என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகும்.

இன்னொன்று, கேபின் சாயும் வண்டியாக இருந்தால் சென்சார் ஒயரை இழுத்துக் கட்டாதீர்கள். கீல் பக்கமாகக் கொண்டுவந்து, நெளிகுழாய்க்குள் விட்டு, தொய்வு வையுங்கள். கேபினை ஒருமுறை முழுசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் டை போடுங்கள்.