‘வரலாற்றில் இன்று’ பலகை எழுதுவது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ படிக்கும் பழக்கம் நம் பக்கம் நிறையப் பள்ளிகளில் இருக்கிறது, நல்ல பழக்கம். ஆனால் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே படித்துவிடுகிறார்கள். எங்கோ ஒரு மன்னர் முடிசூடினார், எங்கோ ஒரு ரயில் கவிழ்ந்தது என்று இருபது வரி ஓடும், வெயிலில் நிற்கிற பிள்ளைகள் மனதில் ஒன்றும் தங்காது. முதலில் நம் மண்ணில் நடந்த ஒன்றைப் பிடியுங்கள், அப்புறம் அதே தேதியில் அதோடு உறவுள்ளவற்றை மட்டும் சேருங்கள். வேலை இவ்வளவுதான்.

ஜூலை 23-ஐ எடுத்துக்கொள்வோம். 1925-ல் அன்றுதான் சுப்பிரமணிய சிவா நம் பாப்பாரப்பட்டியில் காலமானார். 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்து, 1908-ல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்று, சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, வெளியே வந்த பிறகும் ஓயாமல் மேடை ஏறியவர். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்று பாப்பாரப்பட்டியில் வந்து தங்கினார், அது நிறைவேறும் முன்பே 40 வயதில் போய்விட்டார். இதை மேலே எழுதிவிட்டு அதே தேதியில் வேறு யார் என்று தேடினால், 1856-ல் திலகர் பிறந்திருக்கிறார், 1906-ல் சந்திரசேகர ஆசாத் பிறந்திருக்கிறார், 2012-ல் நேதாஜி படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி மறைந்திருக்கிறார். சிவாவுக்கும் வ.உ.சி.க்கும் வழிகாட்டி திலகர்தான். 1908 ஜூலையில், சிவாவுக்குத் திருநெல்வேலியில் தண்டனை விதித்த அதே மாதத்தில், பம்பாயில் திலகருக்கும் 6 ஆண்டு விதித்தார்கள். அந்தத் திலகர் பிறந்த தேதியிலேயே சிவா கண்மூடியிருக்கிறார். இந்த நான்கு பேரை மட்டும் எழுதுங்கள், அன்றைக்கு அது போதும். ஐந்தாவதாக ஒரு நடிகரின் பிறந்த நாளைச் சேர்த்தால் பலகை கலைந்துவிடும்.

இப்படிக் கோப்பதற்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 2 என்றால் காந்தி (1869), லால் பகதூர் சாஸ்திரி (1904) என்று எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். 1965-ல் அதே நாளில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் உருவானது என்பதைச் சேருங்கள். அன்றைக்குப் பிரதமர் யார் என்று கேளுங்கள்: சாஸ்திரியேதான், அவருக்கு 61-வது பிறந்த நாள். காங்கிரஸ் தலைவராக இருந்தவர் காமராசர், அவர் சரியாகப் பத்து ஆண்டு கழித்து 1975-ல் அதே அக்டோபர் 2-ல் மறைந்தார். விடுமுறை நாள் என்பதால் இதை முந்தின வேலை நாளே எழுதிவிட வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மாவட்டம் பிறந்த 2004 பிப்ரவரி 9 இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்கு டிசம்பர் 10: 1878-ல் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். 1948-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றதும் அதே தேதியில்தான், அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலே அவர்தான்.

உள்ளூர் ஆள் யாரும் கிடைக்காத நாளில் உள்ளூர் ஆற்றையோ மலையையோ பாருங்கள். பிப்ரவரி 18 நல்ல உதாரணம். சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் போட்டது 1892-ல் அந்தத் தேதியில், அடுத்த ஒப்பந்தம் 1924-ல், அதுவும் பிப்ரவரி 18. ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடுவதையும் குறைவதையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான வரலாறு ஏது?

தேதியைச் சரிபார்ப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. சுற்றில் வரும் செய்தி ஒன்றிலிருந்து ஒன்று நகல் எடுத்ததாகவே இருக்கும், பத்து இடத்தில் பார்த்தாலும் அது ஒரே ஆதாரம்தான். மாவட்ட மைய நூலகத்தில் கெசட்டியர் (மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்), கலைக்களஞ்சியம், வாழ்க்கை வரலாற்று நூல் என ஏதாவது ஒன்றில் தனியாகப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள். பழைய தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வயதுக்காகப் போட்ட ஜூன் மாதத் தேதியே பலருக்குச் சான்றிதழில் நின்றுவிட்டது, அதனால் உள்ளூர்ப் பெரியவர்கள் விஷயத்தில் வீட்டாரிடமும் கேட்பது நல்லது. திருவள்ளுவர் நாள் தை 2, அது தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதியில் நிரந்தரமாகக் கட்டிவைக்க முடியாது. வெளிநாட்டில் இன்னொரு சிக்கல்: ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே தேதியில் இறந்ததாகப் பெருமையாகப் போடுவார்கள், ஆனால் இங்கிலாந்தும் ஸ்பெயினும் அப்போது வேறு வேறு நாட்காட்டி வைத்திருந்தன, இரண்டு நாட்காட்டிக்கும் இடையே பத்து நாள் வித்தியாசம், அதனால் உண்மையில் ஒரே நாளில் இறக்கவில்லை. நியூட்டனுக்கும் 1642 டிசம்பர் 25, 1643 ஜனவரி 4 என்று இரண்டு தேதி வருவது இதனால்தான்.

எழுதும்போது ஆண்டை முதலில் போட்டு, பிறந்த நாளா நினைவு நாளா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர் படத்துக்குக் கீழே ‘அஞ்சலி’ என்று போட்டுவிட்டால் சங்கடம். “1925: சுப்பிரமணிய சிவா மறைவு, பாப்பாரப்பட்டி. அவர் மணிமண்டபத்தைப் பார்த்தவர் கை தூக்குங்கள்.” இப்படி ஒரு வரி இருந்தால் படிக்கிற பிள்ளைக்கும் குரல் எழும்பும்.

ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நோட்டு போட்டு, எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள், அடுத்த ஆண்டு சேர்க்க மட்டும் வேண்டியிருக்கும். பிப்ரவரி 29-க்கும் ஒரு பக்கம் விடுங்கள்: மொரார்ஜி தேசாய் (1896), ருக்மிணி தேவி அருண்டேல் (1904) இருவரும் அன்று பிறந்தவர்கள். லீப் ஆண்டு இல்லாதபோது அவர்களை 28-ஆம் தேதிப் பலகையின் கடைசி வரியில் எழுதிக்கொள்ளலாம்.