தோட்டக்கலை அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

வேளாண் கல்லூரிகளின் ஆண்டு மலர்களிலும் பாராட்டு விழா மலர்களிலும் வெளிவரும் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் பிறந்த ஊர், பட்டங்கள், பதவிகள், விருதுகள் என்ற வரிசையிலேயே அமைந்துவிடுகின்றன. பெயரை மட்டும் மாற்றினால் அதே குறிப்பு அடுத்த ஆண்டு ஓய்வு பெறுபவருக்கும் பொருந்தும். ஆய்வாளராகத் தொடங்கிப் பல்கலைக்கழகத் தலைமைக்கு உயர்ந்த ஒருவரைப் பற்றி எழுத முற்படுபவர், அவர் எந்தப் பயிரோடு வாழ்ந்தார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லியை எடுத்துக்கொள்வோம். 1858இல் மிச்சிகன் மாநிலத்தின் சவுத் ஹேவனில் பிறந்த அவர், தந்தையின் ஆப்பிள் தோட்டத்தில் சிறு வயதிலேயே ஒட்டுக்கட்டப் பழகியவர். பின்னாளில் நாற்றங்காலைப் பற்றியும் கிளைகளை வெட்டிச் சீர்செய்யும் கவாத்தைப் பற்றியும் அவர் தனித்தனி நூல்கள் எழுதியதை இத்தகவலோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் இளமைப் பருவம் வரலாற்றில் இடம்பெறுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அத்தகைய தொடர்பு இல்லாத இளமைச் செய்திகளை இரண்டு வரிகளில் முடித்துவிடலாம்.

அடுத்து, திருப்புமுனையைத் தேடுங்கள். அதில் அவர் எதை விட்டுவிட்டு எதை ஏற்றார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 1882இல் பட்டம் பெற்ற பெய்லி, ஹார்வர்டில் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஆசா கிரேயிடம் உதவியாளராக இருந்தார். 1885இல் தாம் படித்த மிச்சிகன் வேளாண் கல்லூரிக்கே தோட்டக்கலைப் பேராசிரியராகத் திரும்பினார். தோட்டக்கலையைத் தோட்டக்காரர் வேலையென்று தாவரவியலாளர் பலர் கருதிய காலம் அது என்பதைச் சொல்லாவிட்டால், இந்த மாற்றம் வெறும் பணி மாறுதலாகத்தான் தெரியும். 1888இல் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

ஆண்டுகளைச் சரிபார்க்க நினைவுகளை மட்டும் நம்பக் கூடாது. தாவரங்களைச் சேகரித்த அறிஞராயின், உலர்தாவரத் தாள்களைப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். அழுத்தி உலர்த்திய கிளையை ஒட்டிய தடித்த தாளின் கீழ் மூலையில் உள்ள சீட்டில், சேகரித்தவர் பெயர், வரிசை எண், இடம், நாள் ஆகியவை இருக்கும். குறிப்பிட்ட நாளில் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. பயிர் இனப்பெருக்கம் செய்தவராயின், இரக வெளியீட்டுப் பதிவுகளையும் துறையின் ஆண்டறிக்கைகளையும் படியுங்கள். ஓர் இரகம் பெரும்பாலும் ஒருவருடைய தனிச் சாதனையாக இருப்பதில்லை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 முருங்கை, உள்ளூர் வகையொன்றிலிருந்து தேர்வு செய்யப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், விழா நாயகரின் பெயருக்கு முன்னால் உழவர்களுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் இடமளிக்க வேண்டும் என்பது விளங்கும்.

நிருவாகப் பணியை விவரிக்கும் பகுதியில்தான் எழுதுபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். 'திறம்பட வழிநடத்தினார்' என்ற தொடரை எழுதக் கை எழும்போதெல்லாம், என்ன சட்டம் வந்தது, எவ்வளவு பணம் கிடைத்தது, யாருக்குப் பணி கிடைத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெய்லி 1903இல் கார்னெல் வேளாண் கல்லூரியின் தலைவரானார். மறு ஆண்டே நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் அதை மாநிலக் கல்லூரியாக்கி, கட்டடங்களுக்கு 2,50,000 டாலர் ஒதுக்கியது. அவருடைய அழைப்பின் பேரில் 1900இல் பண்ணை வீட்டுப் பெண்களுக்கான வாசிப்புப் பாடத்தைத் தொடங்கிய மார்த்தா வான் ரென்சலர், 1911இல் முழுப் பேராசிரியரானார். 1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அமைத்த கிராம வாழ்க்கை ஆணையத்துக்கும் பெய்லியே தலைவர். இந்நான்கு செய்திகள் ஒரு பக்கப் புகழுரையைத் தேவையற்றதாக்கிவிடுகின்றன.

ஓய்வுக்குப் பிந்தைய காலத்தை ஒரே வரியில் கடந்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. 1913இல் 55 வயதில் பதவியை விட்ட பெய்லி, அதன்பின் 41 ஆண்டுகள் வாழ்ந்து, பனைக் குடும்பத் தாவரங்களையும் பிளாக்பெர்ரி இனங்களையும் ஆராய்ந்தார். 1935இல் தமது தாவரத் தொகுப்பைக் கார்னெலுக்கே கொடுத்தார். அறிவியலாளராக அவரை அளக்க விரும்புவோர் இந்த ஆண்டுகளுக்குக் கூடுதல் பக்கங்களை ஒதுக்குவதே முறை.

வரைவு முடிந்ததும், அதே பயிரில் உழைத்த ஆய்வாளர் ஒருவரிடமும், பணிப் பதிவேடுகளை அறிந்த அலுவலர் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். பொறுப்புப் பதவியையும் முழுநேரப் பதவியையும் குழப்பியிருந்தால் இரண்டாமவர் கண்டுபிடிப்பார். இரகத்தின் பெற்றோர் வரிசை மாறியிருந்தால் முதலாமவர் சுட்டிக்காட்டுவார்.