பழைய கேம் கன்சோலைப் பிரிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கன்சோல்களை மாற்றியமைக்கும் ஆசை பலருக்கும் ஒரு திரையிலிருந்துதான் தொடங்குகிறது. நிண்டெண்டோவின் கையடக்கக் கேம் கருவியான கேம் பாய் அட்வான்ஸ் 2001-இல் வந்தபோது அதன் திரைக்குள் விளக்கே கிடையாது. ஜன்னலோரமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். இன்று கிடைக்கும், உள்ளேயே விளக்கு உள்ள ஐபிஎஸ் வகை எல்சிடி திரையைப் பொருத்தும் கிட்டைப் போட்டால் அதே கருவி இருட்டிலும் பளிச்சென்று தெரிகிறது. ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் பழுதும் மாற்றமும் இரண்டு தனி வேலைகள். முதல் வேலை முடியாமல் இரண்டாவதில் கைவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓடாத கருவியை வாங்கி, கையோடு புதுத் திரையையும் வாங்கி மாட்டுகிறார்கள். படம் வரவில்லை. கோளாறு போர்டிலா, கேபிளிலா, புதுத் திரையிலா? எங்கிருந்து தேடத் தொடங்குவது என்றே தெரியாது. பழைய திரையோடு, ஒரிஜினல் கேசட் போட்டு, ஒலி, பட்டன், பேட்டரி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கைவைக்க வேண்டும்.

பவர் சுவிட்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருபது வருடத்தில் அதன் உள்ளே இருக்கும் தகடுகள் கறுத்துவிடும். பேட்டரியில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் போர்டுக்குப் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவு. பழைய திரை கொஞ்சமாக மின்சாரம் எடுப்பதால் சமாளித்துவிடும். ஐபிஎஸ் திரை அதிகம் கேட்கும். உடனே படம் நடுங்கும், கேம் திடீரென்று முதலிலிருந்து தொடங்கும், வெளிச்சத்தைக் கூட்டினால் அணைந்தே போகும். கிட் மட்டம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைச் சுவிட்சுக்குள் விட்டு, முன்னும் பின்னும் பலமுறை தள்ளிப் பாருங்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் சுவிட்சுக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் சரி. அதே நேரத்தில் பேட்டரி கம்பிகளில் படிந்த பச்சையையும் வெள்ளையையும் துடைத்துவிடுங்கள்.

டிவியில் மாட்டும் கன்சோல்களில் ஆபத்து அடாப்டரில் இருக்கிறது. நிண்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி வேண்டும்; பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். நம் வீட்டு ரவுட்டருக்கு வரும் 12 வோல்ட் அடாப்டரில் நடுமுனை பாசிட்டிவ், ஆனால் அந்த பிளக் இதே துளைக்குள் அழகாகப் பொருந்தும். அதே கன்சோலின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸின் அடாப்டர் இன்னும் மோசம்: அது தருவது 9 வோல்ட் ஏசி. என்இஎஸ்ஸுக்குள் அதை டிசி ஆக்கும் பாகம் உண்டு, ஃபேமிகாமில் இல்லை. பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகாதீர்கள். கருவியின் அடியில் அச்சடித்திருப்பதை அடாப்டரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த கன்சோலின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் வெறும் பின் மாற்றியைப் போட்டுச் செருகினால் புகைதான் வரும். முதல் பிளேஸ்டேஷனில் பவர் சப்ளையே பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் திறந்தால் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், கம்பியைப் பிடுங்கிய பிறகும்கூட. புதியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவியிலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான்.

நிண்டெண்டோவின் மூன்று இதழ் ஸ்க்ரூவுக்கு ட்ரை-விங் டிரைவரும், பழைய கேம் பாய் கேசட்டுக்கு 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி டிரைவரும் வேண்டும். பேனா மூடியை உருக்கித் திறப்பது, சின்ன தட்டை டிரைவரை வைத்து நெம்புவது எல்லாம் ஸ்க்ரூவின் தலையைச் சாப்பிட்டுவிடும்.

உள்ளே போனதும் அவசரம் காட்டக்கூடாத இடம் திரையைப் போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளின் கனெக்டர். கேம் பாய் அட்வான்ஸில் அதன் பூட்டு மேலே தூக்குவதல்ல, வெளியே இழுப்பது. இரண்டு ஓரத்தையும் மாறிமாறி நகத்தால் மயிரிழை அளவு நகர்த்தினால் போதும். கேபிள் தானாகவே நழுவி வரும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் காது உடைந்துவிடும், அதற்குத் தனி உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். கிட் வாங்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இந்தக் கருவியின் போர்டுகளில் 32 பின், 40 பின் என்று இரண்டு வகை உண்டு. பல கிட்டுகளில் இரண்டு கேபிளும் வரும், எல்லாவற்றிலும் அல்ல.

சால்டரிங்கை, அதாவது உலோகக் கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டும் பற்றவைப்பை, கன்சோலிலேயே கற்றுக்கொள்ளக் கூடாது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய போர்டுகள் கிடைக்கும், அவற்றில் பழகலாம். 63/37 (63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம்) ஈயக் கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் அயர்னை 320, 350-க்கு மேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ஒட்டவில்லை என்று அழுத்தித் தேய்த்தால் பேட் (பாகம் ஒட்டும் செம்புத் தகடு) போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் பசை போதாமைதான். தகர வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், அது செம்பை நாளடைவில் அரித்துவிடும். வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள்.

எல்லாக் கன்சோலிலும் கெப்பாசிட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியருக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அதன் கெப்பாசிட்டர்கள் கசிந்து, படம் மங்கி, ஒலி தேய்ந்துபோவது வாடிக்கை. முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கு இருக்கும் கெப்பாசிட்டரும் கசிந்து பக்கத்துத் தடங்களை அரிக்கும், 1.6 என்ற கடைசிப் பதிப்பு மட்டும் விதிவிலக்கு. நன்றாக ஓடும் கேம் பாயில் அதே வேலையைச் செய்தால் லாபம் சொற்பம், பேட் பெயரும் வாய்ப்போ அதிகம். மாற்றும்போது திசையைக் கவனியுங்கள்: உருண்டை அலுமினியக் கெப்பாசிட்டரில் கறுப்புப் பட்டை நெகட்டிவைக் காட்டும், டான்டலம் வகைக் கெப்பாசிட்டரில் கோடு பாசிட்டிவைக் காட்டும்.

விளையாடிய நிலையை (சேவ்) காக்கும் பேட்டரி உள்ள கேசட்டைத் திறக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். போகிமான் கோல்ட், சில்வர் போன்றவற்றில் சேவ் நிற்பது சிஆர்2025 பேட்டரியின் தயவில். அதைக் கழற்றிய நொடியில் யாரோ சின்ன வயதில் சேர்த்த போகிமான்கள் எல்லாம் போய்விடும். கேசட்டைக் கணினியில் படிக்கும் கேசட் ரீடரில் நகல் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். புதிதாக வாங்கும்போது தகடு ஒட்டிய பேட்டரியாகக் கேளுங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.

லித்தியம் பேட்டரிக்கு மாற்றுவதை இரண்டாவது, மூன்றாவது கருவிக்குத் தள்ளிப்போடலாம். கவருக்குள் இடம் குறைவு. மூடும்போது ஸ்க்ரூ முனையோ பிளாஸ்டிக் தூணோ பேட்டரியை அழுத்தினால் தீப்பிடிக்கலாம். இறுக்கமாக இருந்தால் அழுத்தி மூடாமல் சின்ன பேட்டரி வாங்குங்கள்.

ஒரிஜினல் கவரை வெட்டுவதில் மட்டும் நான் கண்டிப்பானவன். பெரிய திரைக்காக உள்சுவரை வெட்டினால் அதைத் திரும்ப வைக்க முடியாது, அந்தக் கவரை இனி யாரும் வார்க்கப்போவதும் இல்லை. ஏற்கெனவே வெட்டி வரும் மாற்றுக் கவர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கழற்றிய கவர், திரை, ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, எந்தக் கருவியுடையது என்று மேலே எழுதி வையுங்கள்.